ஸ்ரீரங்கத்தில் 6 வீடுகள்

எதிர்வீட்டு அக்கா மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்கப் போகவேண்டிய வீடுகளை ஊர்வாரியாகப் பிரித்துத் தரச் சொன்னார். நான் எழுதி வைத்திருந்த சின்னப் பைத்தான் நிரலில் பட்டியலைப் போட்டேன். ஸ்ரீரங்கம் என்று கேட்டதற்கு 11 வீடுகள் வந்தன.

“தம்பி, சித்திரை வீதியில மட்டுமே நமக்கு 6 வீடு இருக்கே. ஒண்ணுகூட இதுல இல்லையே” என்றார் அக்கா.

பட்டியலைத் திறந்தால் ஆறும் இருந்தன. ஊர்ப் பெயரும் பிழையில்லாமல் இருந்தது. பாதிப் பட்டியலை அக்கா கைபேசியில் அடித்திருக்கிறார், மீதியை அவர் தம்பி கணினியில். வினை அங்கேதான். ‘ஸ்ரீ’யை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஸ் என்பதோடு ரீ சேர்ப்பது பழைய வழி. 2005-இல் யூனிகோடு 4.1-இல் ஶ என்ற எழுத்து இடம்பெற்ற பிறகு, அதைக் கொண்டு எழுதுவது இன்னொரு வழி. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். நிரலுக்கு அவை இரண்டு வெவ்வேறு ஊர்கள்.

எங்கள் பொன்மலைக்கும் இந்தத் தொல்லை உண்டு. ‘பொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரண்டாகவும் வைக்கலாம். நமக்கு 4 எழுத்து. கணினிக்கு 7 அல்லது 8. இதை ஒன்றாக்க யூனிகோடிலேயே சீராக்கும் முறை இருக்கிறது. ஸ்ரீயை அது தொடாது. நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

இத்தனைக்கும் என் நிரலின் டெஸ்ட் கவரேஜ் நூற்றுக்கு நூறு. ஒவ்வொரு வரியும் ஒருமுறையாவது ஓடியிருந்தது. லால்குடி, மணப்பாறை, துறையூர் எல்லாம் கொடுத்துப் பார்த்தவன் ஸ்ரீரங்கத்தைக் கொடுக்கவில்லை. வரி ஓடியதா என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். வந்த விடையைச் சரிபார்க்காத டெஸ்டும் அந்தக் கணக்கில் ஏறிவிடும்.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். அந்தக் காலத்தில் ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல சக்கரம் கணீரென்று ஒலித்து நீளும். விரிசல் விட்டது மந்தமாக அடங்கிவிடும். “தட்டுறது யாரும் தட்டலாம்டா, காதைக் குடுக்கணும்” என்பார் அப்பா.

இரவே உட்கார்ந்தேன். இரண்டு ஸ்ரீரங்கமும் ஒன்றே என்று முதலில் டெஸ்ட் எழுதினேன், தோற்றது. நிரலைத் திருத்தினேன், தேறியது. 17 வீடுகளும் வந்தன. கவரேஜ் முன்பும் நூறு, இப்போதும் நூறு.

என் சின்ன நிரலுக்கே இந்தப் பாடு. தமிழுக்கென்று ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நிரல்தொகுப்பு இருக்கிறது. எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கியது. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிப்பது அதன் அடிப்படை வேலைகளில் ஒன்று. அதில் பிசகினால் அதன்மேல் கட்டிய தேடல், அகரவரிசை எல்லாம் பிசகும். இம்மாதிரித் திட்டங்களைப் பெரும்பாலும் வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள்தான் வளர்க்கிறார்கள். புது வசதி சேர்க்க வருகிறவர்கள் உண்டு, டெஸ்ட் எழுத வருகிறவர்கள் குறைவு. நம் கைபேசிகளுக்குள் இருக்கும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் நிரலைப்போல் சுமார் 590 மடங்கு டெஸ்ட் இருப்பதாக அதை எழுதுபவர்களே கணக்குச் சொல்கிறார்கள். அவ்வளவு நமக்கு உடனே முடியாது. ஆனால் தமிழ்ச் சொற்களுக்கு நம்மிடம் பஞ்சமா?

நிரல் எழுதத் தெரியாதவர்களும் கைகொடுக்கலாம். உங்கள் ஊர், தெரு, குலதெய்வத்தின் பெயர்களை நீங்கள் வழக்கமாக அடிக்கும் விசைப்பலகையிலேயே அடியுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்து என்று பக்கத்தில் குறித்து, ஓப்பன்-தமிழின் கிட்ஹப் பக்கத்தில் போடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு டெஸ்ட் ஆகும். இந்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பெயர் போதும்.