கரிசற் பூமியும் மழை நீரும்

தூத்துக்குடி, விருதுநகர் ஜில்லாக்களில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களைச் சூழ்ந்து பரந்து கிடக்கும் கரிசற் சமவெளியை வறண்ட சீமை என்று சொல்லி ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அங்கே வெயில் மிகுதி என்பதும், வற்றாத ஆறு இல்லை என்பதும் உண்மையே. ஆயினும் அம்மண் நனைந்தால் விரிந்து, காய்ந்தால் வெடித்து, அடியில் ஈரத்தை நெடுநாள் காக்கும் இயல்புடையது. மழை நின்ற பின்னரும் பருத்தியும் கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் விளைவது அவ்வீரத்தாலேயே. மழையின் குறைவைக் காட்டிலும், பெய்த மழையை நிறுத்திக்கொள்ளாமையே இந்நாட்டிற்குப் பெரிய நஷ்டம் என்பது நமது அபிப்பிராயம்.

தூத்துக்குடி ஜில்லாவில் ஆண்டுக்குச் சராசரி ஏறக்குறைய 26 அங்குல மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களையொட்டிச் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 36 அங்குலத்திற்கு மேல் மழை பெய்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய வெள்ளம் அபூர்வமாயினும், சாதாரண ஆண்டிலும் நல்ல மழை நீரில் ஒரு பகுதி மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடைவழியே போய்விடுகிறது.

சிறு கணக்கொன்று பார்ப்போம். 1 ஏக்கரில் 1 அங்குல மழை பெய்தால் அது ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் நீராகும். 10 ஏக்கர் புஞ்சையில் 2 அங்குல மழை பெய்து, ஐந்தில் ஒரு பங்கு வழிந்தோடுமாயின், 4 லட்சம் லிட்டர் வீணாகிறது. 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள குட்டையொன்றை நிரப்ப அது போதும். கதிர் பிடிக்குந் தருணத்தில் மழை பொய்த்தால், அந்நீரில் ஆவியாவதும் கசிவதும் போக எஞ்சியதைக் கொண்டு ஒன்றிரண்டு ஏக்கருக்கேனும் உயிர்த்தண்ணீர் பாய்ச்சலாம். கடன் பட்டு ஆழ்துளைக் கிணறு தோண்டி, உவர்நீர் கண்டு மனம் உடைவதினும் இது மேலன்றோ!

விதைக்கும் காலமும் முக்கியமானது. மற்றச் சீமையார் ஆடிப்பட்டத்தை எதிர்பார்ப்பர். கரிசலுக்குப் புரட்டாசியே பட்டம். மழை பெய்து பதம் வரட்டும் என்று காத்திருந்தால், நனைந்த கரிசலில் பல நாட்கள் ஏர் இறங்காது. விலைமதிப்பற்ற ஈரம் வீணாகக் கழியும். ஆகவே, கடினப்படுத்திய விதையைப் பருவமழைக்குச் சிறிது முன்னரே 5 சென்டிமீட்டர் ஆழத்தில் புழுதியில் விதைப்பது நன்று. ஆழத்தில் உள்ள விதை சிறு தூறலுக்கு முளைத்து மடியாது. நல்ல மழை விழுந்த பின்னரே முளைக்கும்.

அண்மைக் காலத்தில் மக்காச்சோளம் இப்பகுதியில் வெகுவாகப் பரவியுள்ளது. கைமேல் பணம் தருவதால் குடியானவர் அதனை நாடுவதில் குற்றமில்லை. ஆனால் 2018-ஆம் ஆண்டில் படைப்புழு வந்து புகுந்தபோது, முழு நிலத்தையும் அவ்வொரு பயிருக்கே விட்டவர் பட்ட துன்பம் பெரிது. நிலத்தில் ஒரு பங்கிலாவது உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம் இவற்றை மாற்றி மாற்றிப் பயிரிடுதல் நலம். பயறு வகைகள் மண்ணுக்குத் தழைச்சத்தையும், சோளமும் கம்பும் மாட்டுக்குத் தட்டையையும் அளிக்கும்.

இவற்றைத் தனி ஒருவர் மட்டும் செய்து முழுப் பயன் அடைய முடியாது. மேற்காட்டுக்காரர் வரப்பு இடாவிடில், அவர் நிலத்து வெள்ளம் கீழ்க்காட்டுக்காரர் வரப்பை உடைத்துவிடும். கண்மாய்க்கு வரும் ஓடையைச் சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்டால் ஊர் முழுவதற்கும் நஷ்டம். எனவே கிராம அதிகாரிகள் பதிவேட்டில் உள்ள ஓடைகளையும் வரத்துக் கால்வாய்களையும் நேரில் பார்வையிட்டு, ஆக்கிரமிப்பையும் முள்ளையும் அகற்ற முன்வரவேண்டும். பெருநிலக்காரர் தம் நிலத்தில் முதலில் வரப்பிட்டுக் காட்டினால், சிறு குடியானவர் தாமே பின்பற்றுவர்.

இன்று கரிசல் கிராமங்களில் தரிசு பெருகுகிறது. இளைஞர் தீப்பெட்டி ஆலைகளுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் வெளியூர்களுக்கும் செல்கின்றனர். நிலம் இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து தரிசாகக் கிடந்தால் கருவேலம் வேரூன்றிவிடும். பின்னர் அதனைத் திருத்தும் செலவு சிறு குடியானவரால் தாங்கத்தக்கதன்று. ஆதலால் ஒவ்வோர் ஊராரும் கோடையிலேயே ஒன்றுகூடி, எந்தெந்த ஓடையை யார் யார் திருத்துவது என்று தீர்மானித்து, ஆவணி முடிவதற்குள் வரப்பு வேலையையும் குட்டை வேலையையும் நிறைவேற்றிக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.