ரெட் ஒயினா, அவிச்ச கடலையா?

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக்காரருக்கு வயது 62. கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று டாக்டர் எச்சரித்த பிறகு, மூன்று வருடமாகக் குடியை அடியோடு விட்டுவிட்டாராம். போன மாதம் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மகன் ஒரு ரெட் ஒயின் பாட்டிலைக் கொடுத்து, ‘இது சரக்கு மாதிரி இல்லப்பா. இதயத்துக்கு நல்லது, ஆயுசு கூடும்’ என்று சொல்லியிருக்கிறார். “பாட்டிலைப் பீரோவில் வைத்திருக்கிறார். இன்னும் திறக்கவில்லை. ஆனால் தினமும் எடுத்துப் பார்க்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை” என்று முடிகிறது கடிதம்.

திறக்க வேண்டாம், அம்மா. ஏன் என்பதை அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

மகன் சொன்னது அவரே கட்டிவிட்ட கதை இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் சீஸுமாகச் சாப்பிட்டும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவு, ரெட் ஒயின்தான் காரணமாக இருக்கும் என்று 1991-ல் ஓர் அமெரிக்க டி.வி. நிகழ்ச்சி சொன்னது. அங்கே ஒயின் விற்பனை எகிறியது. அடுத்த வருடமே, ஒயினில் ‘ரெஸ்வெரட்ரால்’ என்ற பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பூஞ்சையோ கடும் வெயிலோ தாக்கும்போது செடி தன்னைக் காத்துக்கொள்ளத் தயாரிக்கும் பொருள் இது. திராட்சையில் தோலில்தான் அதிகம். ரெட் ஒயினைத் தோலோடு புளிக்க வைப்பதால் அதில் இறங்கிவிடுகிறது.

2006-ல் ஒரு ஆராய்ச்சி வந்தது. கொழுப்புத் தீனி தின்று கொழுத்த எலிகள்கூட ரெஸ்வெரட்ரால் கொடுத்தபோது கூடுதல் நாள் வாழ்ந்தன. அதன் பிறகு கேட்க வேண்டுமா? ‘ஆயுளைக் கூட்டும் ஒயின்’ என்று உலகமெல்லாம் செய்தி.

அந்த எலிகளுக்குத் தினமும் கொடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 22 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அதே கணக்கைப் போட்டால் 1,300 மில்லிகிராமுக்கு மேல். ஒரு கிளாஸ் ஒயினில் இருப்பதோ சுமார் ஒரு மில்லிகிராம், பெரும்பாலும் அதற்கும் குறைவு. தினமும் ஆயிரம் கிளாஸுக்கு மேல் குடிக்க வேண்டும்! போதாததற்கு, உள்ளே போன ரெஸ்வெரட்ராலில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் உடனே வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன.

மனிதர்களிடமும் பார்த்துவிட்டார்கள். ஒயினுக்குப் பேர்போன இத்தாலியின் டஸ்கனி பகுதியில் 65 வயது தாண்டிய 783 பேரை ஒன்பது வருடம் கவனித்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் ரெஸ்வெரட்ரால் அதிகம் தெரிந்தவர்களும் குறைவாகத் தெரிந்தவர்களும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். ஆயுளிலும் வித்தியாசம் இல்லை, இதய நோயிலும் இல்லை, புற்றுநோயிலும் இல்லை. 2014-ல் வந்த முடிவு இது. ஏனோ வாட்ஸ்அப்பில் இது வருவதே இல்லை.

‘அப்படியானால் கொஞ்சமாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று படித்தோமே?’ என்று மகன் கேட்பார். அதில் ஒரு கோளாறு உண்டு. பழைய ஆய்வுகள் பலவற்றில், உடம்பு கெட்ட பிறகு குடியை விட்டவர்களையும் ‘குடிக்காதவர்கள்’ கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். அதாவது உங்கள் வீட்டுக்காரரைப் போன்றவர்களை! அதனால் குடிக்காதவர்கள் நோயாளிகளாகவும், அளவாகக் குடிப்பவர்கள் திடகாத்திரமாகவும் தெரிந்தார்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஒயினில் இருப்பதும் பிராந்தியில் இருப்பதும் ஒரே ஆல்கஹால்தான். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

ரெஸ்வெரட்ரால்மேல் அவருக்கு அவ்வளவு ஆசை என்றால், அது உங்கள் பக்கத்து நிலத்திலேயே விளைகிறது. வேர்க்கடலையில் இருக்கிறது. உங்களுக்கு அடுத்த வந்தவாசி, செய்யாறு பக்கம் மல்லாட்டை என்பார்களே, அதுதான். தோலோடு அவித்த கடலை ஒரு கப் சாப்பிட்டால், ஒரு கிளாஸ் ஒயினில் உள்ள அளவு ஏறக்குறைய வந்துவிடும். வறுத்த கடலையில் இவ்வளவு இருக்காது. ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், அந்த ஒரு மில்லிகிராம் கடலையிலிருந்து வந்தாலும் ஆயுளைக் கூட்டப்போவதில்லை. கடலையைச் சாப்பிடச் சொல்வது அதிலுள்ள புரதத்துக்கும், நல்ல கொழுப்புக்கும், நார்ச்சத்துக்கும்தான். மாலையில் பஜ்ஜி, மிக்சருக்குப் பதிலாக ஒரு கைப்பிடி சாப்பிடட்டும். அவற்றோடு சேர்த்து அல்ல. உப்பைக் குறைத்து அவியுங்கள். பூஞ்சை பிடித்த, கசக்கிற கடலையைத் துப்பிவிட வேண்டும். அந்தப் பூஞ்சையின் நஞ்சு நேராகக் கல்லீரலைத்தான் தாக்கும். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் கிட்டேயே போகக் கூடாது.

ரெஸ்வெரட்ரால் மாத்திரையை ஆன்லைனில் வாங்கிக் கொடுக்கலாமா என்று மகன் அடுத்துக் கேட்கக்கூடும். வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் நிச்சயமாக வேண்டாம்.

ஆயுசு என்றதும் உங்கள் ஊர்க் குடவோலைக் கல்வெட்டு ஞாபகம் வருகிறது. வாரியத்துக்கு நிற்பவர் 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும் என்று 921-லேயே எழுதி வைத்தார்கள். எழுபதை நெருங்கியும் ஊர்க்காரியம் பார்க்க அன்றைக்கே ஆள் இருந்திருக்கிறார்கள், ரெட் ஒயின் இல்லாமலே. அந்தக் கணக்குப்படி உங்கள் வீட்டுக்காரருக்கு இன்னும் எட்டு வருடம் பாக்கி!

மகனிடம் கோபப்பட வேண்டாம். அப்பா மேல் உள்ள பிரியத்தில்தான் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். அவரிடமே பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்று வருடம் விட்டிருந்தவருக்கு முதல் கிளாஸ்தான் ஆபத்து. அது தினமும் கண்ணில் பட வேண்டாம். மகன் ஊருக்குக் கிளம்புவதற்குள் அப்பாவை ஒருமுறை கல்லீரல் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.