சாண்ட்பேப்பரைக் கீழ வையுங்க

பழைய சாமான் ஒண்டு கிடைச்சா முதல்ல சாண்ட்பேப்பர், பிறகு ஸ்ப்ரே பெயின்ட். எங்கட ஊரில கனபேருக்குப் "பாதுகாக்கிறது" எண்டா இதுதான். நாங்கள் இதை அழிப்பு எண்டுதான் சொல்லுவம்.

கல்லடியில எங்கட கூட்டாளி ஒருத்தன்ட வீட்டுப் பரணில இருந்து ஒரு தகரக் கோச்சிப்பெட்டி வந்தது. உள்ளங்கை நீளம். அவன்ட அம்மப்பா சின்னதில விளையாடின சரக்குப்பெட்டி. 1978 சூறாவளிக்கும் 2004 சுனாமிக்கும் தப்பிக் கிடந்திருக்கு. ஒரு சில்லு இல்ல; அதுக்குப் பதிலா சோடா மூடியைத் தட்டி நிமித்தி ஆணியில கோத்திருக்காங்க. நாங்கள் பார்க்கப் போறதுக்குள்ள அவன்ட மாமா முழுசையும் சுரண்டி, சிவப்புப் பெயின்ட் அடிச்சு, சோடா மூடியையும் கழட்டி எறிஞ்சிட்டார். "இப்பதான் மனே வடிவா இருக்கு" எண்டார். அன்பாத்தான் செய்தார். அதால எங்களுக்குக் கோவப்படவும் ஏலாமப் போச்சு. கூட்டாளி முதலே ஃபோனில எடுத்த மங்கல் படம் ஒண்டுதான் மிச்சம்.

அந்தப் பெட்டி எங்க, எப்ப செய்ததெண்டு இனிக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஏனெண்டா அதெல்லாம் மேல் பூச்சிலதான் எழுதியிருக்கும். லிவர்பூலில இருந்த மெக்கானோ கம்பனி 1920ல ஹோர்ன்பி கோச்சிகளைச் செய்யத் தொடங்கினது. முதல் வந்ததுகள் நட்டும் போல்ட்டும் போட்டுப் பூட்டினது. பிறகுதான் தகரத்தில நாக்கு வெட்டி, துவாரத்தில விட்டு மடிச்சாங்க. பக்கத்தில எல்.எம்.எஸ். எண்டு எழுத்து இருந்தா 1923க்கு முந்தினதா இருக்க ஏலாது. அந்த றெயில் கம்பனியே அப்பதான் உண்டானது. ஜி.பி.என். எண்டு முத்திரை இருந்தா ஜெர்மனியில நியூரம்பெர்க் நகரத்துப் பிங் கம்பனி. "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது" எண்டு ஆங்கிலத்தில இருந்தா, உலகப்போர் முடிஞ்சு 1952 வரைக்குள்ள வந்தது. இவ்வளவையும் சொல்லுற எழுத்தைத்தான் மாமா பத்து நிமிசத்தில துடைச்சார்.

"சுரண்டாட்டித் துரு பிடிக்குமே?" எண்டு கேப்பீங்க. நேர்மாறா யோசியுங்க. இந்தத் தகரம் உண்மையில மெல்லிய இரும்புத் தகடு. மேல ஈயம் மாதிரி வெள்ளையாத் தெரியிற வெள்ளீயப் பூச்சுத்தான் அதைக் காப்பாத்துது. சாண்ட்பேப்பர் அந்தப் பூச்சையும் சேத்து எடுத்திடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில, உப்புக்காத்தில இருக்கிற எங்களுக்கு அது எப்படி முடியுமெண்டு சொல்லவா வேணும்? காஞ்ச மெல்லிய துணியால தூசியைத் தட்டி, ஈரம் படாத டப்பாவில வையுங்க. அது போதும்.

இன்னொரு கூட்டம் இருக்கு. "அசல் பெட்டியோட, கீறல் இல்லாம இருந்தாத்தான் பெறுமதி" எண்டு வெளிநாட்டு ஏல விலையைக் காட்டுறவங்க. அந்த அளவுகோல், பொம்மையை அலுமாரியில பூட்டி வைக்க வசதி இருந்த வீடுகளுக்குச் சரி. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து திரிஞ்ச வீடுகளில அட்டைப்பெட்டியை ஆர் காவித் திரிஞ்சது?

"வெள்ளைக்காரன்ட விளையாட்டுச் சாமான், எங்களுக்கென்ன?" எண்டு கேக்கிறவங்களுக்கும் ஒரு பதில். மட்டக்களப்புக்குக் கோச்சி வந்தது 1928ல. அந்தக் கோச்சியைப் பார்த்து வளர்ந்த ஆரோ ஒருத்தர், சில்லு போன பொம்மையை எறியாமச் சோடா மூடியால ஓட வச்சிருக்கார். லிவர்பூலில செய்த சில்லு ஆயிரம் வாங்கலாம். கல்லடியில செய்த சில்லு அது ஒண்டுதான். அது குப்பைக்குப் போச்சு.

அதே பரணில இன்னொரு பெட்டி இருக்காம், கூரை இல்லாதது. மாமா அதுக்குப் பச்சைப் பெயின்ட் வாங்கி வச்சிருக்கார், டின் இன்னும் உடைக்கல்ல. ஞாயித்துக்கிழமை நாங்கள் நாலுபேர் கல்லடிக்குப் போறம்.