மண்டையைத் திறக்காத மூளைச் சிகிச்சை

வயிற்றில் வளரும் குழந்தையைக் காட்டும் மீயொலி, மூளைத் திசுவைச் சுடவும் பயன்படுகிறது. நோயாளி அணியும் தலைக்கவசத்தில் 1,024 ஒலிமூலங்கள் உள்ளன. தனித்தனி அலைகள் தீங்கின்றி மூளையைக் கடக்கும். அவை குவியும் புள்ளி மட்டும் 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறிக் கருகும். பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிப்பது போலத்தான்! நோயாளி விழித்தே இருப்பார். எம்ஆர்ஐ கருவி வழிகாட்டும்.

கைநடுக்க நோய்க்கு இம்முறையை அமெரிக்கா 2016ல் அனுமதித்தது. அதற்கு அடிப்படையான சோதனையில் 56 பேர் உண்மையான சிகிச்சை பெற்றனர். மூன்று மாதங்களில் நடுக்கம் சராசரியாக 47 விழுக்காடு குறைந்தது. பொய்ச் சிகிச்சை பெற்ற 20 பேரிடம் மாற்றமே இல்லை. ஆனால் ஓராண்டு கழித்தும் 14 விழுக்காட்டினருக்கு மரமரப்பும் 9 விழுக்காட்டினருக்கு நடைத் தடுமாற்றமும் நீடித்தன. கருகிய திசு மீளாது என்பதால் இது சிறு விலையன்று.

அல்சைமர் நோயில் சுடுவதில்லை. ரத்தத்தில் செலுத்தப்பட்ட நுண்குமிழிகளை மீயொலியால் அதிரச்செய்து, மருந்தை உள்ளே விடாத ரத்த-மூளைத் தடுப்பைத் தற்காலிகமாகத் திறக்கிறார்கள். அப்படித் திறந்த பகுதியில் அமிலாய்ட் புரதப் படிவு கூடுதலாகக் குறைந்ததாக மேற்கு வர்ஜீனிய மருத்துவர்கள் 2024 ஜனவரியில் அறிவித்தனர். செய்தி பெரிதாகப் பரவியது. பங்கேற்றவர்களோ மூவர்தான். நினைவாற்றல் மேம்பட்டதாகவும் ஆய்வு காட்டவில்லை. அவர்களுக்குக் கொடுத்த அடுகனுமாப் மருந்தைக் கைவிடுவதாக, தயாரிப்பு நிறுவனமே அம்மாத இறுதியில் அறிவித்துவிட்டது. கதவைத் திறக்க முடியும் என்பது தெரிந்துவிட்டது. எந்த மருந்தை உள்ளே அனுப்புவது என்பதே இப்போதைய சிக்கல்.