‘குள்ளன்’ என்ற கேலியும் 92-வது பிரிவும்

‘கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே’ என்ற பழமொழி எங்கள் பக்கத்தில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. படித்தவர்களே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். உயரம் குறைந்த ஒருவர் ராஜபாளையத்தில் டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள் ‘அரை டிக்கெட்’, ‘குள்ளக்கத்திரிக்கா’ எல்லாம் காதில் விழுந்துவிடும். செல்போனில் படம் எடுப்பார்கள். ஏற்றிவிடுகிறேன் என்று கேட்காமலேயே இடுப்பில் கைவைத்துத் தூக்குவார்கள். பெண் என்றால் அந்த ‘உதவி’ எந்த அளவுக்குப் போகும் என்பதை அவர்கள் என்னிடம் அழுதுகொண்டுதான் சொல்லியிருக்கிறார்கள்.

இது தண்டனைக்குரிய குற்றம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுமக்கள் பார்வையில் உள்ள இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பவருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத, ஐந்தாண்டு வரை நீளக்கூடிய சிறையும் அபராதமும் விதிக்கிறது. அதன் 92-வது பிரிவு இது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு வகைகளில் உயரக் குறைபாடு தனியே இடம்பெறவில்லை. புதிய சட்டத்தின் 21 வகைகளில் இடம்பெற்றது. மருத்துவ அல்லது மரபணுக் காரணத்தால் வளர்ந்த பிறகும் 4 அடி 10 அங்குலம், அதாவது 147 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக இருப்பவர்கள் இதில் வருவார்கள்.

என்னிடம் வருபவர்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. “எனக்கு 40 சதவீதம்னு சர்ட்டிபிகேட் இல்லையே, நான் புகார் கொடுக்க முடியுமா சார்?” முடியும். வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குத்தான் 40 சதவீதம் வேண்டும். அந்த அளவீட்டில் 4 அடி 10 அங்குலத்துக்குக் கீழே குறையும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 4 சதவீதம் கணக்கு. வேறு எலும்புக் குறைபாடு இல்லாத ஒருவர் 4 அடி 2 அங்குலம் இருந்தால் 32 சதவீதத்தோடு நின்றுவிடுவார். இந்தக் கணக்கே நியாயமற்றது என்பது என் கருத்து. ஆனால், அவமதிப்பைத் தண்டிக்கும் பிரிவு சதவீதம் எதையும் கேட்கவில்லை.

பிறகு ஏன் வழக்கு வருவதில்லை? காவல் நிலையத்தில் எழுதுபவரே முதலில் சிரிக்கிறார். அடுத்து, “விளையாட்டுக்குச் சொன்னேன் சார்” என்று எதிராளி சொல்லும் ஒற்றை வரியில் புகார் சமாதானமாகிவிடுகிறது. அந்த வரியை முறியடிக்க வேண்டிய இடம்தான் சட்டத்தில் கடினமான இடம். இழிவுபடுத்தும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். தினமும் அதே ஆள், அதே பேச்சு, வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொடர்ந்தது, கூட்டத்தைத் திரட்டிச் சிரிக்கவைத்தது என்றெல்லாம் காட்ட முடிந்தால் ‘விளையாட்டு’ நிற்காது.

வீட்டுக்குள்ளும் நிம்மதி கிடையாது. இந்தக் குறைபாடுகளில் பரவலான அகாண்ட்ரோபிளாசியா ஒரு மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் வருவது. இதோடு பிறக்கும் ஐந்து குழந்தைகளில் நான்கின் பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்களே. அறிவுத்திறனை அது தொடுவதில்லை. ஆனாலும், எந்தச் சாபமோ என்று பெற்றவளைத்தான் குடும்பமே குத்திக்காட்டுகிறது.

சினிமாவின் பங்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1989-ல் ‘அபூர்வ சகோதரர்கள்’ அப்புவுக்காகத் தமிழ்நாடே கண்கலங்கியது. அந்த அப்புவாக நடித்தவர் கமல்ஹாசன். உண்மையிலேயே உயரம் குறைந்த நடிகர்களுக்கு நம் படங்கள் பெரும்பாலும் தந்தது அடிவாங்கும் வேடமும் நாயகனின் காலடியில் ஆடும் வேடமும்தான். கல்யாண மண்டப வாசலில் கோமாளி உடுப்போடு அவர்களை நிறுத்தும் வழக்கம் இதன் நீட்சி. 2024 ஜூலை 8 அன்று நிபுன் மல்ஹோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: உடற்குறையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அந்த மனிதரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு. திரையுலகம் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஊர். மார்கழி தோறும் உலகளந்தவனைப் பாடுகிற ஊர். அந்தக் கதையில் என் மதிப்புக்குரியவன் மகாபலி. வந்தவன் ஓங்கி வளரப்போகிறான் என்று அறியாமல், வாசலில் நின்ற குறுகிய உருவத்துக்கே பாதம் கழுவி மரியாதை செய்தான். நாம் ஓங்கிய பிறகுதான் வணங்குகிறோம். ஓசூர் நித்ய ஸ்ரீ 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில், உயரம் குறைந்தோருக்கான எஸ்.எச்.6 பாட்மின்டன் பிரிவில் வெண்கலம் வென்றபோது ஊரெல்லாம் வாழ்த்தினோம். வாழ்த்த வேண்டியதுதான். மில்லுக்கு ஷிப்டுக்குப் போகிற, பதக்கம் எதுவும் வாங்காத பெண்ணுக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. இச்சட்டத்தின் குற்றங்களை விசாரிக்க மாவட்டந்தோறும் ஓர் அமர்வு நீதிமன்றத்தைச் சிறப்பு நீதிமன்றமாகக் குறிக்கச் சொல்கிறது 84-வது பிரிவு. காவல் நிலையம் புகாரை ஏற்காவிட்டால் எழுத்துபூர்வமாக எஸ்.பி.க்கு அனுப்பலாம், அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். இதற்கெல்லாம் வேண்டியது சாட்சி. பொது இடத்தில் நடந்ததால்தான் அது இந்தப் பிரிவில் வருகிறது. ஆகவே அந்த பஸ்ஸில் இருந்த ஒவ்வொருவரும் சாட்சிதான். அடுத்த முறை உங்கள் கண்முன் நடந்தால், கேலி செய்கிறவரை நிறுத்தச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவரிடம் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் கொடுங்கள். புகார் கொடுத்தால், கூண்டேறிச் சொல்ல வாருங்கள்.

கட்டுரையாளர்: வழக்கறிஞர்