கணினி உதவியும் ஓர் அமானிதமே



2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தவணை அறிவித்தது. இதனால் கணினி இயங்காமல் நின்றுவிடாது. ஆயினும் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் அடைபடாமலே கிடக்கும். வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் பிள்ளைகளின் சான்றிதழ்களைச் சேமிப்பதும் அதே கணினியில்தான் என்றால் இது அலட்சியப்படுத்தத் தக்கதன்று. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதையும் கேட்கிறது. நம் வீடுகளிலுள்ள பழைய மடிக்கணினிகள் பல இந்த வாசலைத் தாண்டுவதில்லை.

சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டை போன்ற ஊரில் வாழும் குடும்பத்துக்கு இச்சிக்கல் இன்னும் பாரமானது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரு நாள் கூலியை இழந்து, மடிக்கணினியைச் சுமந்து சென்றவருக்கு, “இது பழசு, புதிது வாங்குங்கள்” என்னும் பதில் கிடைத்தால் அவர் என்ன செய்வார்? கல்லூரியில் படிக்கும் மகளின் படிப்புக்கு அந்த ஒரு கருவியே ஆதாரமாக இருக்கக்கூடும்.

இத்தகைய நெருக்கடி புதிதன்று. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. அலுவலகங்களுக்கு ஆணையும் உண்டு, ஆளும் உண்டு. வீடுகளுக்கு யார் உண்டு? அந்த இடத்தை நிரப்பியவர்கள் தன்னார்வலர்களே. சென்னை லினக்ஸ் பயனர் குழு, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில் ஐஐடி வளாகத்தில் கூடும் வழக்கத்தைப் பல்லாண்டுகள் பேணிவந்தது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் அத்தகைய குழுக்கள் தோன்றின. 2012-இல் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்றுத்தந்தது. தாம் அறிந்ததைக் கட்டணமின்றிப் பிறருக்குக் கற்பித்த இவர்களின் வழக்கம் நம் மஹல்லாக்களுக்கும் வர வேண்டும் என்பதே நம் கருத்து.

“காசு வாங்காதவருக்குப் பொறுப்பிராது, கெட்டுப்போனால் யாரைக் கேட்பது?” என்று சிலர் தயங்குவர். குடும்பப் படங்கள் நிறைந்த கணினியை அயலாரிடம் கொடுக்கப் பெண்கள் அஞ்சுவதும் இயல்பே. இவ்வச்சங்கள் நியாயமானவை. எனவேதான் இவ்வுதவியை அமானிதம் என்கிறோம். பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளைப் பேணுவதற்கான ஒழுக்கம் இங்கும் பொருந்தும்.

உதவுபவர் முதலில் செய்ய வேண்டியது, கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்நகல் திறக்கிறதா என்று உரிமையாளரையே பார்க்கச் செய்வது. அதுவரை எதையும் அழிக்கலாகாது. வேலை உரிமையாளரின் கண்ணெதிரே நடக்கட்டும். கடவுச்சொல்லை அவரே தட்டச்சு செய்யட்டும். வேலைக்குத் தேவையற்ற எந்தக் கோப்புறையும் திறக்கப்படலாகாது. லினக்ஸை நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு ஆகியவை இயங்குகின்றனவா என்பது வட்டைத் தொடாமலே தெரிந்துவிடும். கடைக் கணக்கை டேலியில் வைத்திருப்பவரிடம், அது லினக்ஸில் நேரடியாக இயங்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் அமானிதத்தில் அடங்கும்.

உதவி கேட்பவருக்கும் கடமைகள் உண்டு. “கணினி வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொன்னால் யாராலும் தீர்வு காண இயலாது. கணினியின் மாடல், நினைவக அளவு, கடைசியாகச் செய்த மாற்றம், திரையில் தோன்றிய பிழைச்செய்தியின் படம் ஆகியவற்றைத் தர வேண்டும். பொறுமையும் வேண்டும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வெளிவந்தாலும், முந்தைய நீண்டகாலப் பதிப்பில் இருப்போருக்கு முதல் திருத்த வெளியீடு வந்த பிறகே மேம்படுத்தும் அழைப்பு வழக்கமாக வருகிறது. ஆக்கியவர்களே காத்திருக்கச் சொல்லும்போது நாம் அவசரப்படுவானேன்? தன்னார்வலருக்கும் தொழுகையும் தொழிலும் குடும்பமும் உண்டு. நள்ளிரவில் அவரை அழைத்து விரட்டுவது முறையன்று. சிக்கல் தீர்ந்தபின் எந்த வழியில் தீர்ந்தது என்பதை எழுதித் தந்தால், அதுவே அடுத்தவருக்கு வழிகாட்டியாகும்.

ஜமாஅத் நிர்வாகங்களிடம் நாம் கேட்பது சிறிய காரியமே. மாதத்தில் ஒரு மாலை மதரஸா கூடத்தைத் திறந்துவையுங்கள். மின்இணைப்பும் வைஃபையும் ஓரிரு வெளிவட்டுகளும் இருந்தால் போதும். கணினி பயிலும் நம் பிள்ளைகளை அமர்த்துங்கள். சகோதரிகளுக்குத் தனி நேரம் ஒதுக்கி, கற்றறிந்த மாணவியரிடமே அப்பொறுப்பை ஒப்படையுங்கள். அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் அவர்களுக்கும் அக்கதவு திறந்திருக்கட்டும். அண்டை வீட்டாரின் உரிமை மார்க்கம் நமக்கு வலியுறுத்திய ஒன்று.

எல்லாக் கணினிகளையும் இவ்வாறு மீட்க இயலாது. சில உண்மையிலேயே ஆயுள் முடிந்தவை. ஆனால் அதைச் சொல்வதற்கும் விற்பனை நோக்கமற்ற ஒருவர் வேண்டும். விண்டோஸ் 10-இன் தவணை முடியும்வரை காத்திராமல், வரும் ஜும்ஆவுக்குப் பின் உங்கள் நிர்வாகத்தினரிடம் இதைப் பேசுங்கள். முதல் மாலையில் ஒரே ஒரு மாணவியின் மடிக்கணினி உயிர்பெற்றாலும் அது நற்தொடக்கமே, இன்ஷா அல்லாஹ்.