செர்ரிக்கு பிரீசர், நாவலுக்குச் சாக்கடையா?

நேற்றுக் காலை பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு வாக்குவாதம். "ஐஸ்ல வெச்ச பழம் செத்த பழமுங்க வாத்தியாரே, அதைத் திங்கறதுக்குத் திங்காமயே இருந்துக்கலாம்" என்றார் நண்பர் ஒருவர். கூட இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். போன வருஷம் வரை நானும் அந்தக் கட்சிதான். ஏன் கட்சி மாறினேன் என்று சொல்லப் பார்த்தேன். டீ ஆறியதுதான் மிச்சம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

போன வைகாசிக் கடைசியில் பெங்களூரிலிருந்து வந்த மகள் இரண்டு கிலோ செர்ரிப் பழம் கொண்டுவந்தாள். பேக்கரியில் பன்னுக்கு மேலே சிவப்பாக உட்கார்ந்திருக்குமே, அது இல்லை. அது பெரும்பாலும் களாக்காயைச் சர்க்கரைப் பாகில் போட்டுச் சாயம் ஏற்றியது. இது நிஜச் செர்ரி, காஷ்மீர்ப் பழம். குளிர்காலத்தில் நல்ல குளிர் பட்டால்தான் அந்த மரம் சரியாகப் பூத்துக் காய்க்கும். நம் சமவெளியில் வராது. தின்றது போக மிச்சத்தைக் கழுவி, துணியில் உலர்த்தி, கொட்டை எடுத்து, தட்டில் பரப்பி பிரீசரில் வைத்தாள். "ஏன் கண்ணு, இது பழமா, பிணமா?" என்று கேட்டேன். "பேசாம இருங்க" என்று வீட்டுக்காரம்மா அதட்டினாள்.

அடுத்து ஆடி மாசம். குருநாதசாமி கோயில் பண்டிகை. ஊரே குதிரைச் சந்தை பார்க்கப் புதுப்பாளையம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மலையடிவாரத்திலிருந்து ஒரு அம்மா கூடை நிறைய நாவல் பழம் கொண்டுவந்து கடைவீதியில் உட்கார்ந்திருந்தது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டதில் வியாபாரம் படுத்துவிட்டது. பொழுது சாயும்போது நான் பேரம் பேசி அரைப்படி வாங்கினேன். "மிச்சத்தையும் எடுத்துக்கோங்க சாமி, குடுக்கறதைக் குடுங்க" என்றது. "இத்தனையும் வெச்சு என்னம்மா பண்றது, நாளைக்கே புளிச்சுப் போகுமே" என்று கையை விரித்தேன். பஸ்ஸுக்கு நேரமானதும் அந்த அம்மா கூடையைச் சாக்கடையில் கவிழ்த்தது. விடியற்காலையில் எழுந்து போய்ப் பொறுக்கிய பழம். பார்த்துக்கொண்டே நின்றேன்.

கார்த்திகையில் பேரன் வந்தபோது அந்தச் செர்ரியில் ஜூஸ் போட்டார்கள். எனக்கும் ஒரு டம்ளர். நிறமும் ருசியும் அப்படியே இருந்தன. குடிக்கும்போது எனக்குச் சாக்கடைதான் கண்ணில் நின்றது. காஷ்மீர்ப் பழத்துக்கு ஆறு மாசம் இடம் கொடுத்த பிரீசரில் நம் நாவலுக்கு இடம் இல்லாமலா போயிற்று?

இப்போது டீக்கடைக் கட்சிக்கு வருகிறேன்.

வைத்துத் தின்பது நமக்குப் புதுசா? உப்புக்கண்டம் போட்டோம். மோர் மிளகாய், சுண்டக்காய் வத்தல், உப்பு நார்த்தங்காய் எல்லாம் வைத்தோம். மூணு வருஷத்து நார்த்தங்காய் என்றால் மருந்து என்று பெருமைப்பட்டோம். வெயிலாலும் உப்பாலும் செய்ததைக் குளிரால் செய்தால் மட்டும் அது செத்த பழமா?

பழம் கொழகொழவென்று ஆகிவிடும் என்கிறார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. அறிவியல் வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன்: தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு போலப் பெருக்கும். பழத்துக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி அதன் திசுக்களைக் கிழிக்கிறது. மெதுவாக உறைந்தால் கட்டி பெரிசு, சேதமும் பெரிசு. வேகமாக உறைந்தால் சின்னதாகவே நிற்கும். லாப்ரடார் பனிப்பிரதேசத்தில் கடுங்குளிர் காற்றில் மீன் சட்டென்று உறைவதைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ 1920-களில் விரைவாக உறைய வைக்கும் தொழிலையே தொடங்கினார். ஆகவே தட்டில் வைத்துத் தின்னப் புதுப் பழம்தான் சரி. ஜூஸுக்கு என்ன குறை?

கரண்ட் போனால்? டபுள் டோர் பிரிட்ஜில் பழம் நிறைந்த பிரீசர், கதவைத் திறக்காமல் விட்டால், ஒரு நாள் முழுக்கக் குளிர் தாங்கும். காலி பிரீசர்தான் சீக்கிரம் சூடாகும். உங்கள் வீட்டு பிரீசரில் இப்போது என்ன இருக்கிறது? பாதி வீடுகளில் ஒரு ஐஸ் டிரேயும் பழைய மாவு டப்பாவும்தான்!

செய்முறை எளிது. அடிபடாத பழமாகப் பொறுக்கிக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். ஈரம் இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும். தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி ராத்திரி முழுக்க பிரீசரில் வையுங்கள். காலையில் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி, தேதி எழுதி மறுபடி உள்ளே. மைனஸ் 18 டிகிரி வரை போகும் பிரீசரில் ஆறு மாசத்துக்கு மேல் நிற்கும். பழைய சிங்கிள் டோர் பிரிட்ஜின் ஐஸ் பெட்டி என்றால் ஒரு மாசத்துக்குள் தீர்த்துவிடுங்கள். குளிரில் கிருமி வளராதே தவிர, சாகாது. வெளியே எடுத்து இளகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். நாவல் பாதி இளகியதும் கொட்டையைப் பிதுக்கி எடுத்துவிட்டு, துளி உப்பும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் போட்டு அடித்துக் குடியுங்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் உப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இதுதான். பொழுது சாயும் நேரத்தில் கூடையில் மிச்சம் இருப்பதைப் பேரம் பேசாமல் வாங்குங்கள். நமக்கு நாலு மாசம் கழித்து ஜூஸ். அவர்களுக்கு அன்றைய கூலி. ஓய்வூதியம் வாங்கும் நமக்கு அந்தக் காசு ஒரு காசா?

அந்த அம்மாவை இந்த ஆடியில் கடைவீதியில் காணவில்லை. வேறொரு பாட்டியிடம் மூணு படி, சொன்ன விலைக்கே வாங்கி வைத்திருக்கிறேன். டீக்கடை நண்பர்கள் கார்த்திகையில் வீட்டுக்கு வரலாமுங்க. ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டு, அப்புறம் செத்த பழம் என்று சொல்லட்டும்.